நோயாளியின் அடையாள விவரங்களும் கட்டணக் கோரிக்கையும்: அமெரிக்க மருத்துவ நடைமுறை பற்றிய ஆய்வு

அமெரிக்காவில் ஒருவர் மருத்துவம் பெறுவதற்கும் அதற்கான பணம் மருத்துவரைச் சென்று சேர்வதற்கும் இடையே ஒரு காப்பீட்டு நிறுவனமோ, 1965 இல் சட்டமான மெடிகேர், மெடிகெய்டு ஆகிய அரசுத் திட்டங்களுள் ஒன்றோ நிற்பதே பெரும்பான்மை வழக்கம். மெடிகேர் 65 வயது நிறைந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளில் ஒரு பகுதியினருக்கும் உரியது. மெடிகெய்டு குறைந்த வருவாய் உடையோருக்காக நடுவண் அரசும் மாநில அரசுகளும் சேர்ந்து நடத்துவது. சிகிச்சை அளித்தவர் தாம் செய்த பணிகளைக் குறியீடுகளாக எழுதிப் பணம் கேட்டு அனுப்பும் ஆவணம் கிளெய்ம், அதாவது கட்டணக் கோரிக்கை எனப்படுகிறது. அந்தக் கோரிக்கையில் என்ன சிகிச்சை செய்யப்பட்டது என்பது ஆராயப்படுவதற்கு முன்பாகவே, யாருக்குச் செய்யப்பட்டது, அவருக்கு அன்றைய நாளில் காப்பு இருந்ததா என்பவை பார்க்கப்படுகின்றன. இவ்விரண்டில் ஒன்று பொருந்தாவிட்டாலும் எவ்வளவு சிறந்த மருத்துவமும் பணம் பெறாமல் திரும்பி வருகிறது.

இந்த அடையாள விவரங்களைக் கணினியில் ஏற்றும் பணியின் ஒரு பகுதி தமிழ்நாட்டில்தான் நடக்கிறது. சென்னை, கோயம்புத்தூர், திருச்சி ஆகிய நகரங்களில் இயங்கும் மெடிக்கல் பில்லிங் அலுவலகங்களில் இப்பணி ‘டெமோ என்ட்ரி’ என்று வழங்கப்பட்டு, பெரும்பாலும் புதிதாக வேலையில் சேர்ந்தவர்களிடம் தரப்படுகிறது. பார்த்து எழுதினால் போதும் என்று எளிதாகத் தோன்றும் இப்பணியில் நேரும் பிழை, பின்னர் காப்பீட்டு நிறுவனங்களைத் தொலைபேசியில் அழைத்து நிலுவையைத் துரத்தும் ஏஆர் காலர்களின் பல வாரக் கால உழைப்பாக மாறுகிறது. அடையாள விவரங்களில் பிழை ஏன் நேர்கிறது, நேர்ந்தபின் எவர் தலையில் விழுகிறது, அதைத் தடுக்கும் முயற்சிகள் எந்த அளவுக்குப் பயன் தருகின்றன என்பவற்றை ஒருசேர ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

விவரங்களின் கூறுகள்

மருத்துவர்கள் பயன்படுத்தும் சிஎம்எஸ்-1500 என்னும் படிவத்தில் 33 கட்டங்கள் உள்ளன. அவற்றுள் முதல் 13 கட்டங்கள் முழுவதும் நோயாளியையும் காப்பீட்டையும் பற்றியவை. நோய், சிகிச்சை, தொகை ஆகியவை அவற்றுக்குப் பின்னரே வருகின்றன. மருத்துவமனைகளுக்குரிய யுபி-04 படிவம் 81 இடங்களைக் கொண்டது. ஹிப்பா எனச் சுருக்கமாக வழங்கும் 1996 ஆம் ஆண்டுச் சட்டம் மின்னணுப் பரிமாற்றங்களுக்குப் பொது வடிவம் வேண்டும் என்று வகுத்ததன் விளைவாக, இன்று பெரும்பாலான கோரிக்கைகள் காகிதத்தில் அல்லாமல் ‘837’ என்னும் எண்ணால் அறியப்படும் மின்கோப்பாகச் செல்கின்றன. காப்பு இருக்கிறதா என்று கேட்கும் வினா 270 என்றும், அதற்கான விடை 271 என்றும், தொகை வழங்கப்பட்டதையோ மறுக்கப்பட்டதையோ விளக்கும் கோப்பு 835 என்றும் எண்ணிடப்பட்டுள்ளன.

இவற்றில் இடம்பெறும் விவரங்களை மூன்று தொகுதிகளாகப் பிரிக்கலாம். பெயர், பிறந்த தேதி, பாலினம் ஆகியவை ஆளை அடையாளம் காட்டுபவை. முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவை ஆளைச் சென்றடைய உதவுபவை. உறுப்பினர் எண், குழு எண், காப்பீடு யார் பெயரில் உள்ளது, அவருக்கு நோயாளி என்ன உறவு, ஒன்றுக்கு மேற்பட்ட காப்பீடுகள் இருந்தால் எது முதலில் பணம் தர வேண்டும் என்பவை காப்பைக் காட்டுபவை. முதல் தொகுதி அரிதாக மாறும். இரண்டாவது அவ்வப்போது மாறும். மூன்றாவது வேலையோடும் ஆண்டுத் தொடக்கத்தோடும் மாறிக்கொண்டே இருக்கும். மூன்றையும் ஒரே படிவத்தில் ஒரே முறை கேட்டுவிட்டு, ஒரே அளவு நம்பகம் உடையவையாகக் கருதுவதே பல மருத்துவ நிலையங்களில் காணப்படும் அடிப்படைக் குறை.

உண்மையும் ஒப்புமையும்

ஒரு விவரம் சரியாக இருக்கிறது என்பதற்கு இத்துறையில் இரண்டு அளவுகோல்கள் உள்ளன. ஒன்று, அது அந்த மனிதரைப் பற்றிய உண்மையோடு பொருந்துவது. மற்றொன்று, காப்பீட்டு நிறுவனத்தின் கோப்பில் உள்ளதோடு பொருந்துவது. பெரும்பாலான நேரங்களில் இரண்டும் ஒன்றாகவே இருப்பதால் வேறுபாடு கண்ணில் படுவதில்லை. ஆனால் திருமணத்துக்குப் பின் குடும்பப் பெயரை மாற்றிக்கொண்ட ஒரு பெண் ஓட்டுநர் உரிமத்தில் புதிய பெயரையும், தம் நிறுவனத்தின் காப்பீட்டில் இன்னும் மாற்றப்படாத பழைய பெயரையும் கொண்டிருக்கும்போது, உண்மைப் பெயரில் அனுப்பப்படும் கோரிக்கை திரும்பி வருகிறது. பழைய பெயரில் அனுப்பப்படுவது ஏற்கப்படுகிறது.

தொழில்வழிக் காப்பீட்டில் உறுப்பினரைச் சேர்க்கும் தகவலை நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு 834 என்னும் கோப்பாகக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்புகிறது. அங்கே ஓர் எழுத்துப் பிழை நேர்ந்துவிட்டால், காப்பீட்டு அட்டையிலும் அதே பிழை அச்சாகி வருகிறது. மருத்துவமனைப் பணியாளர் அதைத் திருத்தி எழுதினால் கோரிக்கை தள்ளப்படும். பிழையோடு எழுதினால் பணம் வரும், ஆனால் மருத்துவப் பதிவேட்டில் தவறான பெயர் நிலைத்துவிடும். நல்ல கணினி அமைப்புகள் சட்டப்படியான பெயருக்கு ஓரிடமும் காப்பீட்டிலுள்ள பெயருக்கு வேறோரிடமும் வைத்திருப்பது இதனால்தான். எந்த விவரம் எந்த அளவுகோலின்படி எழுதப்பட்டது என்பதைப் பிரித்தறியாத பதிவேட்டில், ஒரு துறையினரின் திருத்தம் மற்றொரு துறையினருக்குப் பிழையாகிவிடுகிறது.

பிழை வெளிப்படும் இடங்கள்

அனுப்பப்பட்ட கோரிக்கை பெரும்பாலும் கிளியரிங்ஹவுஸ் என்னும் இடைநிலை நிறுவனத்தின் வழியாகச் செல்கிறது. அங்கோ காப்பீட்டு நிறுவனத்தின் வாயிலிலோ உறுப்பினர் எண் தவறு, பெயர் பொருந்தவில்லை என்று திருப்பப்பட்டால் அது ரிஜெக்‌ஷன். அந்தக் கோரிக்கை நிறுவனத்தின் கணக்கில் வந்ததாகவே கொள்ளப்படாது, திருத்தி மீண்டும் அனுப்பலாம். கணக்கில் ஏற்கப்பட்டு, ஆராயப்பட்டு, பணம் இல்லை என்று முடிவானால் அது டினையல். அதற்குத் திருத்திய கோரிக்கையோ மேல்முறையீடோ வேண்டும். முதலாவது சில நாள்களில் தெரிந்துவிடுவதால் இழப்பு குறைவு. ஆனால் திருப்பப்பட்டவற்றின் பட்டியலை ஒருவரும் பார்க்காமல் விடும் அலுவலகங்களில், அனுப்பியாயிற்று என்ற நம்பிக்கையிலேயே மாதங்கள் கழிகின்றன.

835 கோப்பில் மறுப்புக்கான காரணங்கள் எண்களாக வருகின்றன. நோயாளி தங்கள் காப்பில் உள்ளவராக அடையாளம் காணப்படவில்லை என்பது 31. எண்ணும் பெயரும் ஒத்துப்போகவில்லை என்பது 140. காப்பு முடிந்தபின் ஏற்பட்ட செலவு என்பது 27. வேறொரு காப்பீடு முதலில் பணம் தர வேண்டியிருக்கலாம் என்பது 22. இவை அனைத்தும் மருத்துவம் பற்றிய வினாக்களே அல்ல. சிகிச்சைக்கு முன் பதிவு மேசையில் தீர்ந்திருக்க வேண்டியவை. இவற்றைத் தீர்ப்பதற்குள் காலக்கெடு கடந்தால், 29 என்னும் இன்னொரு மறுப்பு வந்து சேர்கிறது. மெடிகேர் சிகிச்சை நாளிலிருந்து ஓராண்டு தருகிறது. தனியார் நிறுவனங்கள் பலவற்றின் ஒப்பந்தங்கள் 90 அல்லது 180 நாள்களே தருகின்றன.

காலக்கெடு தவறிய இழப்பைப் பொதுவாக மருத்துவமனையே ஏற்க வேண்டும். ஆனால் காப்பு இல்லை என்று வந்த மறுப்பைச் சரிபார்க்காமல் நோயாளிக்கே பில்லாக அனுப்பிவிடுவதும், பழைய முகவரிக்குச் சென்ற அந்த பில் அவர் கண்ணில் படாமலே கடன் வசூல் நிறுவனத்துக்கு மாற்றப்படுவதும் நடக்கக்கூடியவை. முறையாகக் காப்புத் தொகை கட்டி வந்த ஒருவர், எங்கோ ஒருவர் தவறாகத் தட்டிய ஓர் எண்ணின் காரணமாகக் கடனாளி ஆகிறார். அடையாள விவரத்தின் துல்லியம் வருவாய்ச் சிக்கல் மட்டுமன்று, நோயாளிக்குச் செய்யும் நீதியும் ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வாழ்க்கை மாற்றங்களும் பதிவேடும்

பிழைகளுக்குத் தட்டச்சுக் கவனக்குறைவே முதற் காரணம் என்று பலரும் எண்ணுகின்றனர். ஆனால் எழுதிய நாளில் சரியாக இருந்து, பின்னர் வாழ்க்கை நகர்ந்துவிட்டதால் தவறாகிப்போனவையும் ஏராளம். வேலை மாறினால் காப்பீடு மாறும். 2010 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெற்றோரின் காப்பீட்டில் தொடரும் பிள்ளை 26 வயதில் அதிலிருந்து வெளியேற நேரும். 65 வயதில் மெடிகேர் வந்து சேரும்போது, பணியில் தொடர்பவரின் நிறுவனத்தில் 20 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் இருந்தால் நிறுவனக் காப்பீடும், குறைவாக இருந்தால் மெடிகேரும் முதலில் பணம் தர வேண்டும். காயம் பணியிடத்தில் நேர்ந்ததா, வாகன விபத்தில் நேர்ந்ததா என்று படிவத்தின் 10 ஆவது கட்டம் கேட்பதும், பொறுப்பு வேறொரு காப்பீட்டுக்கு மாறக்கூடும் என்பதால்தான்.

தாய், தந்தை இருவரின் காப்பீட்டிலும் இடம்பெற்ற குழந்தைக்கு எது முதன்மை என்பதைப் பிறந்தநாள் விதி தீர்மானிக்கிறது: நாட்காட்டியில் எவருடைய பிறந்தநாள் முதலில் வருகிறதோ அவருடைய காப்பீடே முதன்மை; பிறந்த ஆண்டு கணக்கில் கொள்ளப்படாது. எனவே குழந்தையின் பதிவேட்டில் தந்தையின் பிறந்த தேதி தவறாக இருந்தால், குழந்தையைப் பற்றிய ஒவ்வொரு விவரமும் சரியாக இருந்தும் கோரிக்கை தவறான இடத்துக்குப் போகும். பிறந்த குழந்தையைத் தொழில்வழிக் காப்பீட்டில் சேர்க்கக் குறைந்தது 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் பெற்றோர் விண்ணப்பித்தால் காப்பு பிறந்த நாளிலிருந்தே செல்லும். அந்த இடைவெளியில் குழந்தைக்குப் பெயரும் இல்லை, தனி எண்ணும் இல்லை என்பதால் பதிவேடு தற்காலிகமாகவே நிற்கிறது.

முகவரி என்னும் எளிய விவரத்தின் எடையைக் காட்டிய நிகழ்வு 2023 இல் நேர்ந்தது. கோவிட் காலத்தில் மெடிகெய்டு பயனாளிகளை நீக்கக் கூடாது என்றிருந்த ஏற்பாடு அவ்வாண்டு மார்ச் 31 அன்று முடிந்தபின், மாநிலங்கள் அனைவரின் தகுதியையும் மீண்டும் சரிபார்த்தன. இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் நீக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தகுதியற்றவர் என்று நிறுவப்பட்டதால் அல்லாமல், படிவம் திரும்பி வராதது போன்ற நடைமுறைக் காரணங்களால் நீக்கப்பட்டனர். வீடு மாறியவர்களுக்குப் புதுப்பித்தல் கடிதம் பழைய முகவரிக்கே சென்றது இதில் ஒரு முக்கியக் கூறு.

பெயர், தேதி, பொருத்தம்

பெயரையும் பிறந்த தேதியையும் கொண்டு ஆளை அடையாளம் காணும் முறைக்கு இயல்பான எல்லை உண்டு. ஹூஸ்டன் நகரை உள்ளடக்கிய ஹாரிஸ் மாவட்டத்தின் பொது மருத்துவமனை அமைப்பில், மரியா கார்சியா என்ற பெயரில் 2,488 பேர் இருந்ததும், அவர்களுள் 231 பேருக்குப் பிறந்த தேதியும் மற்றொருவரோடு ஒத்திருந்ததும் இத்துறையில் பரவலாக எடுத்துக்காட்டப்படும் செய்தி. பிறந்த தேதி ஆவணம் இல்லாத அகதிகள் பலருக்கு ஜனவரி 1 என்று குறிக்கப்படுவதால், அச்சமூகங்களில் தேதியின் பிரித்தறியும் திறன் மேலும் குறைகிறது. இரட்டைக் குடும்பப் பெயர் கொண்ட ஸ்பானிய மொழியினரில் ஒரு பெயர் ஓரிடத்தில் நடுப்பெயராகவும் மற்றோரிடத்தில் இறுதிப் பெயராகவும் பதிவாகிறது.

தமிழர்களுக்கும் இச்சிக்கல் அந்நியமானதன்று. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னொட்டாகக் கொண்ட தமிழ்ப் பெயர், முதற்பெயர், குடும்பப் பெயர் என்ற இரண்டு கட்டங்களை வலியுறுத்தும் படிவத்தில் பொருந்துவதில்லை. கடவுச்சீட்டில் ஒரே பெயர் உள்ளவருக்கு அமெரிக்க விசாவில் அப்பெயர் குடும்பப் பெயராகவும், முதற்பெயர் இடத்தில் ‘அறியப்படவில்லை’ எனப் பொருள்படும் எஃப்என்யு என்னும் மூன்றெழுத்தும் அச்சிடப்படுகின்றன. அதுவே சிலரின் பிற அட்டைகளுக்கும் பெயராகப் பரவிவிடுகிறது. தேதியிலும் இத்தகைய இடர் உண்டு. அமெரிக்கர் மாதத்தை முன்னும் நாளைப் பின்னும் எழுதுவர். 03/04 என்பதை மார்ச் 4 என்று படிக்க வேண்டிய இடத்தில், இந்திய வழக்கில் பழகிய கண் ஏப்ரல் 3 என்று படித்துவிடக்கூடும். நாள் 12 ஐத் தாண்டினால் கணினி தடுக்கும். தாண்டாதபோது தடுக்க வழியில்லை.

பொருத்தம் தவறுவதில் இரு வகைகள் உண்டு. ஒரே ஆளுக்கு இரண்டு பதிவேடுகள் உருவாவது டூப்ளிகேட். இரண்டு ஆள்களின் விவரங்கள் ஒரே பதிவேட்டில் கலப்பது ஓவர்லே. முன்னதில் ஒவ்வாமைக் குறிப்பு ஒரு பதிவேட்டிலும் புதிய மருந்து மற்றொன்றிலும் பிரிந்து கிடக்கும். பின்னதில் ஒருவரின் இரத்த வகை இன்னொருவர் பெயரில் நிற்கும். கட்டணப் பிழையைப் பின்னர் திருத்தலாம். ஓவர்லேயால் நேரும் மருத்துவப் பிழையைத் திருத்த முடியாமல் போகலாம். இந்த அச்சத்தினால்தான் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன், குறைந்தது இரண்டு அடையாளங்களைச் சரிபார்க்க வேண்டும் என்று விதித்ததோடு, 2019 முதல் பிறந்த குழந்தைகளை வேறுபடுத்திப் பெயரிடும் முறை வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது.

கணினிவழிப் பொருத்தத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. ஒலியால் ஒத்த பெயர்களை ஒரே குறியீட்டில் சேர்க்கும் சவுண்டெக்ஸ் முறைக்கு 1918 இல் காப்புரிமை வழங்கப்பட்டது. இவான் ஃபெல்லகி, ஆலன் சன்டர் ஆகியோர் 1969 இல் வெளியிட்ட கோட்பாடு, ஒவ்வொரு விவரத்தின் பொருத்தத்துக்கும் எடை கொடுத்து நிகழ்தகவாகக் கணக்கிட வழிகாட்டியது. இன்றைய பொருத்த மென்பொருள்கள் பலவும் அதன் வழிவந்தவை. ஆயினும் ஆங்கிலப் பெயர்களின் ஒலியை முன்வைத்து வகுத்த சவுண்டெக்ஸ் போன்ற முறைகள் தமிழ், வியட்நாமியம், அரபி முதலியவற்றின் பெயர்களில் அதே நம்பகத்தைத் தர இயலாது.

தனி அடையாள எண் பற்றிய விவாதம்

ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரே எண் இருந்தால் இச்சிக்கல்களில் பெரும்பகுதி தீராதா என்ற வினா இயல்பாக எழுகிறது. இங்கிலாந்தில் ஒவ்வொருவருக்கும் என்எச்எஸ் எனப்படும் தேசிய சுகாதாரச் சேவையின் 10 இலக்க எண் உள்ளது. அதன் இறுதி இலக்கம் முந்தைய ஒன்பதிலிருந்து கணக்கிடப்படுவதால், தவறாகத் தட்டியதைக் கணினி உடனே கண்டுகொள்ளும். அமெரிக்காவிலும் ஹிப்பா சட்டமே அத்தகைய எண்ணை விதித்திருந்தது. ஆனால் தனியுரிமை அச்சத்தினால், அமெரிக்க நாடாளுமன்றத்தின் டெக்சஸ் உறுப்பினர் ரான் பால் முன்னெடுத்த தடை 1998 இல் நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் இடம்பெற்று, அவ்வெண்ணுக்கு அரசுப் பணம் செலவிடுவது ஆண்டுதோறும் தடுக்கப்பட்டு வந்தது. 2019 இல் கீழவை அத்தடையை நீக்க வாக்களித்தும் அது சட்டமாகவில்லை. அந்த அச்சத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது: 2024 பிப்ரவரியில் சேஞ்ச் ஹெல்த்கேர் என்னும் பெரிய கிளியரிங்ஹவுஸ் மீது நடந்த இணையத் தாக்குதல், கோடிக்கணக்கானோரின் விவரங்களை வெளிக்கொண்டு சென்றதோடு நாடெங்கும் கோரிக்கைகளையும் முடக்கியது.

அடையாள எண்ணின் வடிவமைப்பே பிழையைக் குறைக்கும் என்பதற்கு மெடிகேர் சான்று தருகிறது. முன்பு அதன் அட்டையில் சமூகப் பாதுகாப்பு எண்ணே அச்சிடப்பட்டது. 2015 ஆம் ஆண்டுச் சட்டம் அதை நீக்கச் சொன்னதால் 2018 ஏப்ரல் முதல் புதிய அட்டைகள் அனுப்பப்பட்டு, 2020 தொடக்கத்திலிருந்து புதிய எண்ணே கட்டாயமாயிற்று. 11 இடங்கள் கொண்ட அதில் 2, 5, 8, 9 ஆகிய இடங்களில் எப்போதும் எழுத்தே வரும். எண்களோடு மயங்கக்கூடிய எஸ், எல், ஓ, ஐ, பி, இசட் ஆகிய எழுத்துகள் விலக்கப்பட்டுள்ளன. எழுதும் கையும் படிக்கும் கண்ணும் எங்கே தவறும் என்று முன்னரே எண்ணிப் பார்த்த வடிவமைப்பு இது. எனினும் எந்த எண்ணும் மாறிய முகவரியையோ முடிந்துபோன காப்பையோ தானாகச் சொல்லாது. தனி எண் முதல் தொகுதிச் சிக்கலுக்கு மட்டுமே மருந்து.

பயன் தரும் நடைமுறைகள்

பதிவு மேசையில் வினா கேட்கும் முறையே முதல் தடுப்பு. ‘முகவரி அதேதானே?’ என்று கேட்டால், வரிசையில் நிற்பவர் பெரும்பாலும் ஆம் என்றே சொல்வார். ‘இப்போது எங்கே குடியிருக்கிறீர்கள்?’ என்று கேட்டு, அவர் சொல்வதைப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் மாற்றம் தெரியும். பெயரையும் பிறந்த தேதியையும் நோயாளியின் வாயாலேயே சொல்லக் கேட்பது பணத்துக்கும் பாதுகாப்புக்கும் ஒருசேர உதவுகிறது. காப்பீட்டு அட்டையின் இரு பக்கங்களையும் படமெடுப்பது, கோரிக்கை அனுப்ப வேண்டிய முகவரி பின்பக்கத்தில் இருப்பதால் இன்றியமையாதது.

இரண்டாவது தடுப்பு, வருகைக்கு ஓரிரு நாள் முன்பே 270 வினாவை அனுப்பி 271 விடையைப் பெறுவது. காப்பு உண்டு என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிடாமல், விடையிலுள்ள பெயர், பிறந்த தேதி, குழு எண் ஆகியவற்றைப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் உண்மையும் ஒப்புமையும் எங்கே பிரிகின்றன என்பது அப்போதே தெரிந்துவிடும். முகவரிகளை ஒரே வடிவில் எழுதுவதற்காக நடுவண் சுகாதாரத் துறையின் ஆதரவில் 2022 இல் வெளியிடப்பட்ட பொது வரையறை, தெரு, அடுக்ககம் ஆகிய சொற்களின் சுருக்கங்கள் ஆளுக்கு ஆள் மாறுவதால் பொருத்தம் கெடுவதைக் குறைக்க முயல்கிறது.

மூன்றாவது தடுப்பு, மறுப்பிலிருந்து பெறும் பாடத்தைப் பதிவு மேசைக்குத் திருப்பி அனுப்புவது. சென்னையில் ஒருவர் 31 என்ற மறுப்பைத் திருத்திப் பணம் பெற்றுத் தந்ததோடு நின்றுவிட்டால், அமெரிக்காவிலுள்ள மருத்துவமனையின் பதிவேட்டில் பழைய எண்ணே இருந்து அடுத்த வருகையில் அதே மறுப்பைப் பெற்றுத் தரும். திருத்தம் மூலப் பதிவேட்டில் ஏறியதா என்று உறுதி செய்வதும், தெளிவில்லாத கையெழுத்தை ஊகித்து எழுதாமல் வினாவாகத் திருப்பி அனுப்பும் உரிமையை டெமோ என்ட்ரி செய்பவருக்கு வழங்குவதும் இங்கே அவசியம். மணிக்கு எத்தனை பதிவுகள் என்ற எண்ணிக்கையை மட்டும் அளக்கும் நிர்வாகம், ஊகிப்பதற்கே ஊக்கம் கொடுக்கிறது.

நோயாளிக்கும் இதில் பங்கு உண்டு. தம் பதிவேட்டிலுள்ள தவறைத் திருத்தக் கேட்கும் உரிமையை ஹிப்பா விதிகள் வழங்குகின்றன. மருத்துவமனை பொதுவாக 60 நாள்களுக்குள் அதன் மீது முடிவெடுக்க வேண்டும். இந்த உரிமை பலரை எட்டாமல் இருப்பதால், பிழைகள் அவற்றை மிக எளிதாகக் கண்டறியக்கூடிய ஒருவரின் பார்வைக்கு வராமலே போகின்றன.

முடிவுரை

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால், அடையாள விவரத்தின் துல்லியம் ஒருமுறை எழுதி முடிக்கும் வேலையன்று, ஒவ்வொரு வருகையிலும் புதுப்பிக்க வேண்டிய பொறுப்பு என்பது விளங்கும். காப்பு வேலையோடு பிணைந்திருக்கும் வரை அது மாறிக்கொண்டே இருக்கும். தனி எண் வந்தாலும் அந்த மாற்றம் நிற்காது. ஆகவே கணினிப் பொருத்தத்துக்கும் மறுப்புகளைத் துரத்துவதற்கும் செலவிடப்படும் பொருளில் ஒரு பகுதியையேனும் பதிவு மேசைக்கும், அதன் தொலைதூர நீட்சியான டெமோ என்ட்ரி மேசைக்கும் திருப்புவதே அறிவுடைமை. அங்கே அமர்ந்திருப்பவர்கள் மருத்துவமனையின் குறைந்த ஊதியப் பணியாளர்களுள் அடங்குவர். குறைந்த பயிற்சியும் மிகுந்த அவசரமும் அவர்களுக்கே விதிக்கப்படுகின்றன. ஆனால் நோயாளி யார் என்று முதலில் எழுதுபவர்கள் அவர்களே என்பதால், பின்னர் வரும் மருத்துவர், மருந்தாளுநர், காப்பீட்டு அலுவலர் அனைவரும் அவர்கள் எழுதியதை நம்பியே செயல்படுகின்றனர். அவர்களுக்கு நேரமும் பயிற்சியும், ஐயம் எழுந்தால் நிறுத்திக் கேட்கும் அதிகாரமும் தருவது மருத்துவமனையின் வருவாயைக் காக்கும். அதனினும் மேலாக, தாம் செய்யாத பிழைக்காக நோயாளி கடன்படுவதைத் தடுக்கும்.